மக்களவை வேட்பாளரின் தேர்தல் செலவுக் கணக்கை நீங்களே படித்துப் பார்ப்பது எப்படி?

மக்களவைத் தேர்தலில் நின்ற ஒவ்வொரு வேட்பாளரும், வென்றாலும் தோற்றாலும் டெபாசிட்டையே இழந்தாலும், முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாள்களுக்குள் தம் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைத்தாக வேண்டும். 1 ரூபாய் கட்டணம் செலுத்தும் எவருக்கும் அந்தக் கணக்கைப் பார்வையிடும் உரிமை உண்டு என்று 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்துதல் விதிகள் கூறுகின்றன. இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் உரிமையை நம்மில் மிகச் சிலரே பயன்படுத்துகிறோம் என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். கணக்கியல் படித்திராதவரும் பின்பற்றக்கூடிய வகையில் வழிமுறையை இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: காலமும் உச்சவரம்பும்

வேட்புமனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கப்பட்ட நாள் வரை, அவ்விரு நாள்களும் உட்பட, செய்யப்பட்ட செலவே கணக்கில் வரும். முன்கூட்டியே அச்சிட்டு வைத்த துண்டறிக்கைகளை இந்தக் காலத்தில் விநியோகித்திருந்தால் அவற்றின் விலையும் சேரும். 2024-இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்துவிட்டாலும், கணக்குக் காலம் ஜூன் 4 வரை நீடித்தது. உச்சவரம்பு 2022 ஜனவரியில் மாற்றியமைக்கப்பட்டது; அதன்படி அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டின் மக்களவைத் தொகுதி ஒன்றுக்கு 95 லட்சம் ரூபாய், சில சிறிய மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 75 லட்சம் ரூபாய்.

இரண்டாம் படி: ஆவணத்தைப் பெறுதல்

மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தேடுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தின் தேர்தல் பிரிவுக்கு நேரில் செல்லுங்கள். சான்றளிக்கப்பட்ட நகல் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

மூன்றாம் படி: மூன்று நிறப் பக்கங்கள்

வேட்பாளருக்கு அளிக்கப்படும் பதிவேட்டில் வெள்ளைப் பக்கங்கள் அன்றாடச் செலவுக்கும், இளஞ்சிவப்புப் பக்கங்கள் ரொக்கத்துக்கும், மஞ்சள் பக்கங்கள் வங்கிக் கணக்குக்கும் உரியவை. பலரும் வெள்ளைப் பக்கத்திலிருந்தே தொடங்குவார்கள். மஞ்சளிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் பணம் எங்கிருந்து வந்தது என்பது அங்கேதான் தெரியும். வேட்பாளர் தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்கி, சொந்தப் பணம், கட்சி தந்த பணம், பிறர் தந்த நன்கொடை ஆகிய மூன்றையும் அதன் வழியாகவே செலுத்த வேண்டும். ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ தேர்தல் காலம் முழுவதும் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது என்பதால், இளஞ்சிவப்புப் பக்கத்தில் ஒரே பந்தல்காரரின் பெயர் சிறு சிறு தொகைகளாகத் திரும்பத் திரும்ப வருகிறதா என்று கூட்டிப் பாருங்கள்.

நான்காம் படி: ஒரு பொதுக்கூட்டத்தை எடுத்துச் சரிபார்த்தல்

முழுக் கணக்கையும் ஒரே மூச்சில் படிக்க முயல வேண்டாம். நீங்கள் நேரில் பார்த்த ஒரு கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய தேதிக்குரிய வெள்ளைப் பக்கத்தில் மேடை, பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, வாகனங்கள், ஃபிளக்ஸ், சாப்பாடு ஆகியவை எந்த எண்ணிக்கையில், எந்த விலையில் எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். நாற்காலி வாடகை முதல் தேநீர் வரை ஒவ்வொன்றுக்கும் மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும் விலைப்பட்டியல் உண்டு. அதை அருகில் வைத்துக்கொண்டு பெருக்கினால் போதும். இதே கூட்டத்தை அதிகாரிகளின் வீடியோ குழுவும் படம்பிடித்திருக்கும். அதன் அடிப்படையில் நிழல் பதிவேடு ஒன்று பராமரிக்கப்படுகிறது. பிரசார காலத்தில் குறைந்தது மூன்று முறை வேட்பாளரின் பதிவேடு அதனுடன் ஒப்பிடப்பட்டு, வேறுபாடுகள் குறிக்கப்படுகின்றன. 2,000 பேர் அமர்ந்திருந்ததாக உங்களுக்கு நினைவிருக்கும் கூட்டத்துக்கு 300 நாற்காலி மட்டுமே எழுதப்பட்டிருந்தால், அந்த இடத்தில் அடிக்கோடிடுங்கள்.

நட்சத்திரப் பேச்சாளர், அதாவது கட்சி தன் முக்கியப் பிரசாரகர் என்று பட்டியலிட்டு ஆணையத்துக்குத் தெரிவித்தவர், வந்த கூட்டமானால் கணக்கு மாறும். அவருடைய பயணச் செலவு, ஹெலிகாப்டரே ஆனாலும், வேட்பாளர் தலையில் விழாது. ஆனால் வேட்பாளர் அதே மேடையில் அமர்ந்திருந்தாலோ, அவருடைய பெயரோ படமோ அங்கே வைக்கப்பட்டிருந்தாலோ, கூட்டச் செலவு அவர் கணக்கில் சேரும். உதாரணமாக, 12 லட்சம் ரூபாய் செலவான கூட்டத்தில் அண்டைத் தொகுதிகளையும் சேர்த்து மூன்று வேட்பாளர்கள் மேடையேறியிருந்தால், ஒவ்வொருவருக்கும் 4 லட்சம்.

ஐந்தாம் படி: கட்சியின் கணக்கு

வேட்பாளருக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் சட்டம், கட்சிக்கு எந்த வரம்பையும் வைக்கவில்லை. ஆகவே வேட்பாளர் காட்டும் தொகை வரம்புக்குள் அடங்கியிருப்பதால் மட்டும் அந்தத் தொகுதியில் பணம் குறைவாகவே புழங்கியது என்று எண்ணிவிட முடியாது. மக்களவைத் தேர்தல் முடிந்த 90 நாள்களுக்குள் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் அளிக்கும் செலவு அறிக்கையையும் கட்டாயம் சேர்த்துப் படியுங்கள். நன்கொடைக்கு ஆண்டறிக்கை தனியாக உண்டு. ஒருவர் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால் மட்டுமே அவர் பெயர் அதில் வரும். அதற்குக் கீழே உள்ளவை பெயரின்றிக் கரைந்துவிடும். வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கும் தேர்தல் பத்திரத் திட்டத்தின்படி பெரும் தொகைகளுக்கும் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 15 அன்று அத்திட்டத்தை ரத்து செய்த பிறகே, 2019 ஏப்ரல் 12 முதல் வாங்கப்பட்ட பத்திரங்களின் விவரம் மக்கள் பார்வைக்கு வந்தது.

ஆறாம் படி: நாள்காட்டியைப் பாருங்கள்

கணக்கையே தாக்கல் செய்யாதவரையும், உரிய முறையில் தாக்கல் செய்யாதவரையும், தகுந்த காரணம் இல்லையெனில் 3 ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்யத் தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வரம்பை மீறிச் செலவிட்டது முறைகேடான நடத்தை என்ற பிரிவில் வரும். வென்றவர் மீது அந்தக் குற்றச்சாட்டை எழுப்ப, அத்தொகுதியின் வாக்காளரோ வேட்பாளரோ உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும். அதற்கான கெடு, முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாள்கள். வேட்பாளர் தம் கணக்கை 30-ஆம் நாள் கொடுத்தால், அதைப் படிக்கவும் ஒப்பிடவும் வழக்கறிஞரைக் காணவும் உங்களுக்கு மிஞ்சுவது 15 நாள்களே. எனவே, பிரசாரம் நடக்கும்போதே தேதி, இடம், நாற்காலிகளின் எண்ணிக்கை, வாகன எண்கள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்கத் தொடங்கிவிடுங்கள்.