நீலகிரில ஓடவும் சைக்கிள் ஓட்டவும் லீவுக்கு வர்றவங்களுக்கு

வெளிநாட்டுல இருந்து லீவுக்கு ஊருக்கு வரும்போது ஓடுற ஷூவையும் மவுண்டன் பைக்கையும் தூக்கிட்டு வந்து நம்ம மலையில ஒரு ரெண்டு வாரம் ஓடலாம், ஓட்டலாம்னு பிளான் போடுற ஆளுங்களுக்காக எழுதுறேன். எந்த ஜாக்கெட், எத்தனை சாக்ஸ்னு எல்லாம் எழுதப் போறதில்ல, ஆல்ப்ஸ்ல ஓடுறவங்களுக்கு அது தெரியும். நான் சொல்றது பெரும்பாலும் நீலகிரி, அதுலயும் கோத்தகிரி குன்னூர் பக்கம், ஏன்னா நான் வளந்தது அங்கதான், அப்பா ஒரு டீ ஃபேக்டரில டீமேக்கர். கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு போறவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல்ல மாசம். ஐரோப்பாவுல ஸ்கூல் லீவு ஆகஸ்ட்ல வருதுன்னு அப்ப வந்துடாதீங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் பேய் மாதிரி கொட்டும், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சுது. அது முடிஞ்சா அக்டோபர்ல வடகிழக்கு மழை, இது நம்ம குன்னூர் கோத்தகிரி சரிவுக்கு, மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்சரிவு, மரம் விழுந்துச்சுன்னு நியூஸ்ல பாத்திருப்பீங்க. ஏப்ரல் மே சீசன், ரோடு முழுக்க வண்டி, ஓடுறதுக்கு இல்ல நிக்கிறதுக்கே இடம் கிடையாது. மிச்சம் இருக்கறது டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி நடு வரைக்கும். ஊட்டில காலைல புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்கும், ஒம்பது மணிக்கெல்லாம் வெயில் வந்துடும், இதை விட நல்ல நேரம் கிடையாது.

ஏன் பிப்ரவரி நடுன்னு சொல்றேன்னா அதுக்கப்புறம் காட்டுத்தீ சீசன், காட்டுக்குள்ள விட மாட்டாங்க. 2025ல பிப்ரவரி 15ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் மலையேற்றப் பாதை எல்லாத்தையும் மூடிட்டாங்க. இந்த தேதியை நல்லா மனசுல வச்சுக்கங்க, ஏன்னா என் கதையே இதுலதான் மாட்டுச்சு.

நம்மள்ல பல பேர் ஊரை விட்டுப் போனது 2018க்கு முன்னாடி. அப்ப வீட்டுக்குப் பின்னாடி இருக்கற சோலைக்குள்ள பூந்து அந்தப் பக்கம் எறங்கினா யாரும் எதுவும் கேட்டதில்ல, நான் ஸ்கூலுக்குப் போனதே அந்த ஒத்தையடிப் பாதையிலதான், லேட் ஆனா ஓட்டம்தான். 2018 மார்ச் 11 தேனி மாவட்டம் குரங்கணில மலையேறப் போனவங்க காட்டுத்தீல சிக்கி இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் மலையேற்றத்துக்குன்னே தனியா விதி போட்டாங்க. இப்ப ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாம கால் வச்சா கேஸ், ஃபைன், அவ்வளவுதான். நான் இருக்கறது ஜெர்மனில, இங்க யாரோட காடா இருந்தாலும் நடக்கறதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டாம், அந்தப் பழக்கத்துல வந்து இறங்கினா ஊர்ல முழி பிதுங்கும்.

நல்ல விஷயம், 2024 அக்டோபர்ல இருந்து ட்ரெக் தமிழ்நாடுன்னு அரசாங்கமே ஆன்லைன் புக்கிங் வச்சிருக்கு. ஆரம்பிக்கும்போதே 14 மாவட்டத்துல 40 பாதை, கோத்தகிரில லாங்வுட் சோலை, ஊட்டில கேர்ன் ஹில் எல்லாம் அதுல இருக்கு. பணம் கட்டணும், கூட ஒரு வழிகாட்டி வருவார், பெரும்பாலும் அந்தந்த மலை ஆளுங்க. முடிஞ்சது. கிளம்புறதுக்கு முன்னாடி அங்க உக்காந்தே இதைப் பண்ணி முடிச்சுடுங்க, பண்ணப் போறேன்னு யார்கிட்டயும் முன்னாடியே சொல்லாதீங்க.

நான் மாமாகிட்ட சொன்னேன். அம்மாவோட தம்பி. அவர் சொன்னது: "ஏன்டா, நம்ம ஊரு காட்டுக்குள்ள நாம போறதுக்கு காசு கட்டி டிக்கெட் வாங்கணுமா? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க. நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு, நான் பேசிக்கிறேன்." வேண்டாம் மாமான்னு நீங்க சொல்லியிருப்பீங்க. என்னால முடியாது. அம்மாவுக்கு நடுராத்திரி மூச்சுத் திணறல் வந்தப்ப ஜீப் பிடிச்சு கோயம்புத்தூர் வரைக்கும் கொண்டு போனது அவர், ஆஸ்பத்திரில தரையில படுத்தது அவர், நான் வாட்ஸப் வீடியோல "டாக்டர்கிட்ட ஃபோனைக் குடுங்க மாமா"ன்னு கத்திட்டு இருந்த ஆள். அந்த மனுஷன் ஆசையா ஒரு உதவி பண்றேன்னு வரும்போது ஆன்லைன்ல புக் பண்ணிக்கிறேன்னு எப்படிச் சொல்றது.

சரின்னு போனோம். எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன். வெளிய ஒரு பெஞ்ச், தகரக் கூரை, உள்ள ரெண்டு மேசை. தெரிஞ்ச ஆள் லீவு. அவர் சொன்ன இன்னொரு ஆள், "ஐயா கேம்ப் போயிருக்காரு, லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க"ன்னார். லெட்டர் எழுதினேன். மறுநாள் போனா லெட்டர்ல பர்பஸ் தெளிவா இல்லயாம்.

"எதுக்கு சார் ஓடணும்?"
"ஓடப் பிடிக்கும் சார்."
"அது சரி, பர்பஸ் என்ன? ரிசர்ச்சா? ஷூட்டிங்கா?"

உடற்பயிற்சின்னு எழுதினேன், அதுக்கு கிரவுண்ட் இருக்கேன்னாங்க. சைக்கிளும் போட்டிருந்தேன், அதுக்கு ஆர்சி புக் காப்பி கேட்டாங்க, சைக்கிளுக்கு ஆர்சி கிடையாது சார்னா, மூணு லட்ச ரூவா சைக்கிளுக்கு எப்படி ஆர்சி இல்லாம இருக்கும்னு ஒருத்தர் நிஜமாவே ஆச்சரியப்பட்டார். (விலையை சொன்னது மாமா. பெருமைக்கு. உங்க சைக்கிள் விலையை சொந்தக்காரங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க, கேட்டா ஆஃபர்ல வாங்கினதுன்னு சொல்லுங்க.) அடுத்து ஒருத்தர் "நீங்க லோக்கல்தானே?"ன்னு கேட்டார், இதோட முடிஞ்சுதுன்னு நான் ஆமான்னு வாயைத் திறக்கறதுக்குள்ள மாமா "ஜெர்மனி சார்!"ன்னார். பாஸ்போர்ட் காப்பி, ஓசிஐ காப்பி (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின நம்ம ஆளுங்களுக்கு இந்தியா குடுக்கற கார்டு), போட்டோ ரெண்டு.

ஓசிஐ கார்டு வச்சிருக்கறவங்க இதை கவனமாப் படிங்க. 2021 மார்ச் 4ல மத்திய அரசு ஒரு அறிவிப்பு போட்டுச்சு, அதன்படி ஓசிஐ ஆளுங்க ரிசர்ச், பத்திரிகை வேலை, மதப் பிரச்சாரம், அப்புறம் மவுண்டனியரிங் இதுக்கெல்லாம் தனியா அனுமதி வாங்கணும். சோலைக்குள்ள ஷூ போட்டு ஓடுறது மவுண்டனியரிங் இல்லன்னு எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும். ஆனா லெட்டர்ல நான் மலை, ஓட்டம்னு ரெண்டு வார்த்தையும் எழுதியிருந்தேன், ஒரு சின்ன வயசு பையன் ஃபோன்ல அந்த அறிவிப்பைத் தேடி எடுத்து மேசைக்கு மேசை காட்டினான், அதோட என் ஃபைல் "மேல கேட்டுச் சொல்றோம்" வகைக்குப் போயிடுச்சு. அதனால எங்க எழுதினாலும் நடைன்னு எழுதுங்க. வாக்கிங். வேற வார்த்தையே வேண்டாம்.

பெஞ்ச்ல என் பக்கத்துல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, காட்டுமாடு வந்து கேரட் தோட்டத்தை மேஞ்சு மிதிச்சதுக்கு நஷ்டஈடு கேட்டு வந்தவங்க, நான் ஸ்டுட்கார்ட்ல டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே அலைய ஆரம்பிச்சவங்க. "தம்பி உனக்கு என்ன சாமி?"ன்னாங்க. காட்டுக்குள்ள ஓடறதுக்கு பர்மிஷன்மான்னேன். "யாரு தொரத்துறா?"ன்னாங்க. கிண்டல் இல்ல, நெசமாத்தான் கேட்டாங்க. அவங்க பேப்பரும் என் பேப்பரும் ஒரே மேசையில ஒண்ணு மேல ஒண்ணா கிடந்துச்சு, என்னுதுக்கு மாமாவோட ஆள் ஃபோன் பண்ணி விசாரிச்சுக்கிட்டு இருந்தார், அவங்களுதுக்கு யாரும் இல்ல. அப்பவே எழுந்து வந்திருக்கலாம்னு தோணுது, ஆனா மாமா வெளிய டீக்கடையில இன்னொரு ஆளைப் பிடிச்சுட்டிருந்தார்.

கடைசில கையெழுத்து ஆகிற நிலைமைக்கு வந்துச்சு. தேதி பிப்ரவரி 15ஐத் தாண்டியிருந்துச்சு. "ஃபயர் சீசன் சார், ஏப்ரல் முடியறப்ப வாங்க"ன்னு மரியாதையாத்தான் சொன்னாங்க. ஃபிளைட் அந்த மாசக் கடைசி. அதே லாங்வுட் சோலைக்கு நான் வந்த முதல் வாரத்துல ஆன்லைன்ல இடம் இருந்துச்சு, அதையும் பாத்தேன்.

ஆக, ஆன்லைன்ல ட்ரெக் டிக்கெட்டைப் போட்டுட்டு "பணம் கட்டியாச்சு மாமா, திரும்ப வராது"ன்னு சொல்லுங்க. பணம் போயிடும்னா நம்ம சொந்தக்காரங்க விட்டுடுவாங்க, மத்த எந்தக் காரணமும் எடுபடாது. வழிகாட்டியோட போகும்போது அவர் வேகம்தான் உங்க வேகம், வாட்ச்சைப் பாத்து எரிச்சல் படாதீங்க. எந்தப் புதருக்குள்ள கரடி படுத்திருக்கும்னு அவருக்குத்தான் தெரியும்.

ஓடியே ஆகணும்னா ரோடும் எஸ்டேட் வழியும்தான். கோத்தகிரில இருந்து கோடநாடு போற ரோடு, குன்னூர்ல லாம்ஸ் ராக், டால்ஃபின் நோஸ் பக்கம், ஊட்டில இருந்து எமரால்டு பக்கம், எல்லாம் ஏத்தமும் எறக்கமுமா நல்லா இருக்கும். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல, முதல் ரெண்டு நாள் மூச்சு வாங்கும், வயசாயிடுச்சுன்னு பயந்துடாதீங்க. எஸ்டேட் வழி தனியார் இடம், ஃபீல்ட் ஆபீசரையோ வாட்ச்மேனையோ பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க, பெரும்பாலும் விட்டுடுவாங்க. கொழுந்து பறிக்கறவங்க மூட்டையோட எதிர்ல வந்தா நின்னு வழி விடுங்க. முதுகுல இருபது முப்பது கிலோவோட ஏறி வர்றவங்க முன்னாடி உடம்பு குறைக்க ஓடுறேன்னு உரசிட்டுப் போறது எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு, எங்க பாட்டியும் அந்த மூட்டைதான் தூக்கினாங்க.

வெளிச்சம் நல்லா வந்தப்புறம் கிளம்பி சாயங்காலம் அஞ்சுக்கு வீட்டுல இருக்கணும். இதுல பேரமே கிடையாது. காட்டுமாடு ஆயிரம் கிலோ வரைக்கும் இருக்கும், தேயிலைக்குள்ள செலை மாதிரி நிக்கும், ஓடிப் பக்கத்துல போனப்புறம்தான் தெரியும். நின்னு, திரும்பி ஓடாம, மெதுவா பின்னாடி வாங்க. கரடி கோத்தகிரில இப்ப ஊருக்குள்ளயே வருது, விளக்கு எண்ணெய் குடிக்க கோயில் கதவை உடைக்குது. காதுல ஹெட்ஃபோன் மாட்டாதீங்க. மசினகுடி, முதுமலை பக்கம் யானை வழி, ஓடவே ஓடாதீங்க. ஊட்டில இருந்து மசினகுடி எறங்கற கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு இருக்குன்னு வீடியோ பாத்துட்டு சைக்கிள்ல எறங்க நினைக்காதீங்க, பழகின டிரைவருங்களுக்கே அங்க பிரேக் போயிருக்கு.

சைக்கிள். கொண்டு வரணுமான்னா, ஒத்தையடிப் பாதையில ஓட்டலாம்னு நினைச்சா வேண்டாம், அது பாதி ரிசர்வ் ஃபாரஸ்ட், மீதி யாரோட தோட்டமோ. ஸ்டுட்கார்ட் பக்கமே ரெண்டு மீட்டருக்கு கம்மியான பாதையில சைக்கிள் விடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதைத் திட்டிக்கிட்டே வந்தவன் நான். மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு ஏறணும்னா கொண்டு வாங்க, கிட்டத்தட்ட 1900 மீட்டர் ஏத்தம், வேற எங்கயும் இப்படி கிடைக்காது. பேட்டரி வச்ச சைக்கிள் பேசஞ்சர் ஃபிளைட்ல ஏறாது, 160 வாட் ஹவருக்கு மேல போன பேட்டரிய எடுக்க மாட்டாங்க, அந்த சைக்கிள் பேட்டரி எல்லாம் அதை விட ரொம்பப் பெருசு. டீரெய்லியர் ஹேங்கர் (பின் கியரை ஃபிரேம்ல மாட்டுற சின்னத் துண்டு) ஒண்ணு எக்ஸ்ட்ரா, டியூப் ரெண்டு, பிரேக் பேட், இதெல்லாம் கையோட வேணும், பஞ்சர் கடைக்காரர் எதை வேணா ஒட்டுவார், இல்லாத பார்ட்டை என்ன பண்ணுவார். வாடகைக்கு எடுத்தா எறங்கறதுக்கு முன்னாடி எந்தக் கையில எந்த பிரேக்னு ஒரு தடவை பிடிச்சுப் பாத்துக்கங்க.

கார்ல போறவங்களுக்கு, 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஆன்லைன்ல எடுக்கற இ-பாஸ் வேணும். வெளிநாட்டு நம்பருக்கு ஓடிபி வராதுன்னு பயப்பட வேண்டாம், வெளிநாட்டுக்காரங்க ஈமெயில் போட்டு எடுக்கலாம். டிஎன் 43, அதாவது நீலகிரி நம்பர் வண்டிக்கு வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மாவட்டத்துல தடை, செக்போஸ்ட்ல பிடுங்குவாங்க.

ரொம்ப முக்கியமான ஒண்ணு, மலையில ஆபத்துக்கு உதவும்னு கார்மின் இன்ரீச் மாதிரி சாட்டிலைட் கருவி வச்சிருப்பீங்க. அதை வீட்டுலயே வச்சுட்டு வாங்க. இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம சாட்டிலைட் ஃபோன், சாட்டிலைட் மெசஞ்சர் வச்சிருக்கறது குற்றம், ஏர்போர்ட் ஸ்கேனர்ல பாத்துட்டு வெளிநாட்டு ஆளுங்களைப் பிடிச்சு வச்சிருக்காங்க, அதுல ஓட்டக்காரங்களும் உண்டு. சாதா ஜிபிஎஸ் வாட்ச் பிரச்சனை இல்ல.

கிளம்பும்போது சைக்கிளை "விட்டுட்டுப் போயேன், பையன் ஓட்டுவான்"னு கேப்பாங்க. என்கிட்டயும் கேட்டாங்க. குடுக்க மனசு இருந்தா வந்த அன்னைக்கே முடிவு பண்ணி பழைய சைக்கிளா கொண்டு வாங்க, மனசு இல்லன்னா ஆபீஸ் சைக்கிள், திருப்பிக் குடுக்கணும்னு சொல்லிடுங்க. நான் விட்டுட்டு வந்தேன். மாமா பையன் அதுல பால் கேன் கட்டி டெய்லி போட்டோ அனுப்புறான், சஸ்பென்ஷன் என்ன ஆச்சோ.

நாய்க்கடி மறந்துடாதீங்க, ஓடுறவங்களை நாய் விடாது. வெளிநாட்டுல இருக்கும்போதே ரேபிஸ் தடுப்பூசி போட்டுட்டு வாங்க. கடிச்சா பதினஞ்சு நிமிஷம் சோப்புத் தண்ணில கழுவிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரி, முன்னாடியே போட்டிருந்தாலும் அங்க மறுபடி ஊசி உண்டு, காசு கிடையாது. விழுந்து அடிபட்டா 108, அதுவும் இலவசம்தான், ஆனா காட்டு ரோட்டுல வர நேரம் ஆகும், எந்த வளைவு, எந்த எஸ்டேட்னு பேர் சொல்லத் தெரிஞ்சிருக்கணும். டிராவல் இன்ஷூரன்ஸ் பாலிசில மவுண்டன் பைக்கிங் சேத்திருக்கான்னு பாத்து, இல்லன்னா கிளம்புறதுக்கு முன்னாடியே கூடுதலா கட்டி எழுத்துல வாங்கிக்கங்க.