தமிழ்நாட்டில் போதை மீட்பு மையம் தேடுவது எப்படி? சேர்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் ஒருவரின் குடி கைமீறிவிட்டது என்று குடும்பம் முடிவுக்கு வருவது பெரும்பாலும் ராத்திரி நேரத்தில்தான். சத்தம் அடங்கி, பக்கத்து வீட்டார் சமாதானம் சொல்லிவிட்டுப் போன பிறகு யாராவது ஒருவர் கைப்பேசியை எடுத்துத் தேடுவார். முதலில் வரும் எண்ணுக்கு அடித்தால், "அட்ரஸ் மட்டும் சொல்லுங்க மேடம், வண்டியும் ஆளும் அனுப்புறோம்" என்று பதில் வரும். அந்த நேரத்தில் அது பெரிய ஆறுதலாகத் தெரியும். அவரை எங்கே வைப்பார்கள், எந்த டாக்டர் பார்ப்பார், அந்த இடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்றெல்லாம் கேட்கும் நிலையில் அப்போது யாரும் இருப்பதில்லை.

அதனால்தான் இந்தத் தேடலை முன்கூட்டியே, பகலில், ஒரு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து செய்யச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். குடியைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். கஞ்சா, வலி மாத்திரை, ஊசி என்று எதுவானாலும் தேடும் முறை ஏறக்குறைய இதுதான்.

படி 1: மையத்துக்கு முன்னால் மருத்துவர்

எல்லோரையும் ஒரு மாதம் எங்காவது சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. பலருக்குப் புறநோயாளி சிகிச்சையே போதும்: வீட்டிலிருந்தபடி மாத்திரை, வாரம் ஒருமுறை ஆலோசனை. யாருக்கு எது என்று மனநல மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கிப் பார்த்துவிடலாம், செலவில்லை. அவர் வர மறுத்தால் முதல் தடவை நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள். குடும்பத்தாரோடு பேசித் தொடங்குவது அங்கே வழக்கம்தான்.

மருத்துவரை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு சும்மா இருக்காது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாவது, மூன்றாவது நாளில் இன்னும் சிலருக்குப் புத்தி குழம்பிவிடும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாது. இதைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். சரியான மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து மருத்துவமனையில் சமாளிக்கக்கூடிய நிலைதான் இது. ஆனால் அறைக்குள் பூட்டி வைத்துச் சமாளிக்க முடியாது.

ஆகவே, "ரெண்டு நாள் குடிக்காம இரு, அப்புறம் சேர்க்கிறோம்" என்று நீங்களாக வீட்டில் நிறுத்த வைக்காதீர்கள். காலையில் எழுந்ததும் நடுக்கம் நிற்கக் குடிப்பவர், முன்பு வலிப்பு வந்தவர், மஞ்சள் காமாலை இருப்பவர், ரத்த வாந்தி எடுத்தவர், தற்கொலைப் பேச்சு பேசுபவர் ஆகியோருக்கு மருத்துவமனை வசதியுள்ள இடம்தான் வேண்டும். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் 108. அந்த நேரத்தில் மையம் தேட வேண்டாம்.

படி 2: பட்டியல் போடுங்கள்

கூகுள் விளம்பரத்தில் மேலே வருவதைக் கொண்டு பட்டியலைத் தொடங்காதீர்கள். இந்த வரிசையில் தேடுங்கள்.

அரசு மருத்துவமனைகள் முதலில். 2025-ல் தமிழ்நாடு அரசு "கலங்கரை" என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது. உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று தலைமை மருத்துவமனையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் இருக்கிறது.

அடுத்து, மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியுதவியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்கள். இந்த நிதி தரப்படுவதே இலவசமாகச் சிகிச்சை கொடுக்கத்தான். அப்படி ஒரு மையம் பணம் கேட்டால், எதற்கு என்று தயங்காமல் கேளுங்கள். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் உங்கள் ஊரைச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் மையத்தைச் சொல்வார்கள். மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். இரண்டு எண்களையும் நோட்டின் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

தனியார் மையங்கள் கடைசியில். நல்ல தனியார் மையங்கள் நிறைய உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆளை ஏமாற்றும் மையங்களும் இந்தப் பிரிவில்தான் அதிகம். மூன்று நான்கு பெயருக்கு மேல் பட்டியல் வேண்டாம்.

படி 3: பதிவுச் சான்றிதழ்

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடி, போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. ஆகவே இதற்காக ஆட்களைத் தங்க வைத்துச் சிகிச்சை தரும் மையம் எதுவானாலும் தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். டிரஸ்ட் பதிவு, சொசைட்டி பதிவு, ஐஎஸ்ஓ சான்றிதழ் எதுவும் இதற்கு ஈடாகாது. கண்ணாடிச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருப்பதைப் பார்த்து அசந்துவிடாதீர்கள். மனநல ஆணையத்தின் சான்றிதழ் எது என்று கேட்டு, அதில் மையத்தின் பெயரும் நீங்கள் நிற்கும் அந்த முகவரியும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று படியுங்கள். ஒரு கிளைக்கு வாங்கிய பதிவைக் காட்டி இன்னொரு கிளையை நடத்தக் கூடாது.

சான்றிதழ் இல்லையா? பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துரும்" என்ற பதிலுக்கும் அதேதான்.

படி 4: போனில் கேளுங்கள்

மூன்று கேள்விகள் போதும். பதிலை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொள்ளுங்கள்.

"உங்க சென்டர்ல மனநல டாக்டர் யாரு சார், எந்தெந்த நாள் வருவாரு?" நல்ல மையம் டாக்டரின் பெயரையும் நாளையும் நேரத்தையும் சொல்லும். "அதெல்லாம் டாக்டர் வருவாரு, நீங்க கவலைப்படாதீங்க" என்பதை நான் பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு வலிப்பு வந்தா என்ன பண்ணுவீங்க?" பணியில் யார் இருப்பார், எந்த மருத்துவமனைக்குக் கொண்டு போவார்கள், வண்டி இருக்கிறதா என்ற விவரம் வர வேண்டும். இந்தக் கேள்விக்கு எரிச்சல்படும் இடம் வேண்டாம்.

"அவர் வர மாட்டேங்கிறார், என்ன செய்யலாம்?" இதுதான் முக்கியமான கேள்வி. நாலு பேரை அனுப்பித் தூக்கி வந்துவிடுகிறோம், ஊசி போட்டுக் கூட்டி வந்துவிடுகிறோம் என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். சம்மதமில்லாதவரைச் சேர்க்கச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலையில் அவர் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மனநல நிபுணர் அல்லது மருத்துவரும் தனித்தனியே பரிசோதித்து எழுத வேண்டும். அவருடைய நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் பேசச் சட்டப்படி உரிமையுள்ளவர், பெரும்பாலும் உறவினர்) விண்ணப்பிக்க வேண்டும். அப்படியும் முதலில் 30 நாள் வரைதான், அதையும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு (இப்படிச் சேர்ப்பதையும் நோயாளிகளின் புகார்களையும் விசாரிக்க இந்தச் சட்டம் வைத்த அமைப்பு) தெரிவித்தாக வேண்டும். "ஆறு மாசம் பேக்கேஜ், நடுவுல அனுப்ப மாட்டோம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கிக்கொண்டு போகப்பட்டவருக்குத் திரும்பி வந்த பிறகு முதல் கோபம் வீட்டார் மேல்தான் வரும். அதற்கப்புறம் அவரை டாக்டரிடம் கூட்டிப் போவது இரட்டிப்பு வேலை.

படி 5: நேரில் போய்ப் பாருங்கள்

சேர்ப்பதற்கு முன் குடும்பத்தில் இருவராவது ஒரு பகல் பொழுதில் போய் வாருங்கள். ஆபீஸ் அறையில் உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்பப் பார்த்தால், "தங்குற இடத்தையும் பாத்துடறோம் சார்" என்று கேளுங்கள். மற்ற நோயாளிகளின் தனிமைக்காக எல்லா இடத்தையும் காட்ட முடியாமல் போகலாம், அது நியாயம். ஒரு காலி அறை, கழிப்பறை, சமையல்கட்டு இவற்றைக் காட்டுவதில் யாருக்கும் சங்கடம் இருக்க முடியாது. கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, படுக்கை தரையிலா கட்டிலிலா, ஒரு அறையில் எத்தனை பேர், தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

தீ பற்றிச் சும்மா சொல்லவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இன்றைய சட்டம் எந்த வகையிலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது. கட்டாயமாக மொட்டை அடிப்பது, தனி அறையில் அடைத்து வைப்பது, சம்பளமில்லாமல் வேலை வாங்குவது எல்லாமே தடை. உள்ளே இருப்பவர்கள் மொட்டைத் தலையோடு ஒரே மாதிரி உடையில் இருந்தாலோ, கூட்டிப் பெருக்கிச் சமைப்பது முழுக்க நோயாளிகள் தலையிலேயே இருந்தாலோ, அங்கே வேண்டாம். அடித்தால்தான் திருந்துவார் என்று உங்களிடமே சொல்லும் ஆட்களும் உண்டு. அடியால் குடிநோய் குணமாகாது, ஆள்தான் செத்துப்போவார்.

சேர்த்த பிறகு போனில் பேசலாமா, எந்த நாள் பார்க்கலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "முதல் ஒரு மாசம் வீட்டுக்காரங்க யாரும் வரக் கூடாது" என்ற விதியை நான் ஏற்க மாட்டேன். வீட்டாரோடு தொடர்பு வைத்துக்கொள்வது நோயாளியின் உரிமை. பெண் என்றால் தனிப் பகுதியும் பெண் ஊழியரும் இருக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவரைப் பெரியவர்களோடு தங்க வைக்கக் கூடாது.

படி 6: ஒப்பிடுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை நீளவாக்கில் பிரித்து, மையத்துக்கு ஒரு பத்தி என்று எழுதுங்கள். மேலிருந்து கீழே: பதிவு, மருத்துவர் வரும் நாட்கள், அவசர ஏற்பாடு, ஆலோசகர் எத்தனை பேர், குடும்பத்துக்கான வகுப்பு, வெளியே வந்த பிறகான கவனிப்பு, மொத்தச் செலவு. முதல் மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள், மிச்சத்தைப் பார்க்கவே வேண்டாம்.

செலவு கேட்கும்போது மாதக் கட்டணத்தோடு நிறுத்தாதீர்கள். மருந்து, ரத்தப் பரிசோதனை, வெளி மருத்துவமனைச் செலவு சேர்ந்ததா? பாதியில் வந்துவிட்டால் முன்பணம் திரும்புமா? மருத்துவக் காப்பீடு இருந்தால் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். குடி, போதைக்கான சிகிச்சை பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

குடும்ப வகுப்பையும் பின்கவனிப்பையும் பலர் கேட்பதே இல்லை. மருந்து கொடுத்து உடம்பிலிருந்து போதையை இறக்குவது ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான்: சம்பள நாள், கல்யாண வீடு, டாஸ்மாக் வாசலில் நிற்கும் பழைய நண்பன். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சைத் திட்டம் வைத்தது. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நீங்கள் பார்க்கும் மையம் சின்னதாக இருக்கலாம். ஆனால் மனைவியையோ அம்மாவையோ உட்கார வைத்துப் பேச அங்கே ஒரு ஆள் இருக்கிறாரா, வெளியே வந்த பின் எந்தத் தேதியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறார்களா என்று பாருங்கள். குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும், குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்களும் தமிழ்நாட்டில் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. பக்கத்துக் கூட்டத்தோடு மையத்துக்குத் தொடர்பு இருந்தால் கூடுதல் மதிப்பெண் போடலாம்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க மருந்து தருகிறோம் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் வாந்தி, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தச் சரிவு வரை போகும். அதை நோயாளி அறிந்து, மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட்டால்தான் மருந்து.

படி 7: சேர்த்த பிறகு

சேர்க்கும் நாளில் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தாளையும் படித்து நகல் வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஏதாவது தவறு நடந்தால் புகார் செய்ய, மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் போன் எண்ணும் மையத்திலேயே பார்வையில் படும்படி வைத்திருக்க வேண்டும். போகும்போதே அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அடி, பூட்டு என்று தெரியவந்தால் வாரியத்துக்குக் காத்திருக்காமல் காவல் நிலையம் போங்கள்.

வெளியே வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டு வாங்குங்கள். என்ன மருந்து, என்ன அளவு, அடுத்து எப்போது வர வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். வலி மாத்திரை, ஊசி பழக்கத்திலிருந்து வந்தவர் என்றால் இன்னும் கவனம் தேவை. நிறுத்தியிருந்த நாட்களில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். இதை அவரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்.

மறுபடி குடித்துவிட்டால் பலர் செய்வது, இன்னும் கண்டிப்பான, இன்னும் தூரமான மையத்தைத் தேடுவது. அதற்கு முன் அந்த வாரத்திலேயே டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு, அவரை முதலில் பார்த்த மருத்துவரிடம் போங்கள். எத்தனை நாள் நிறுத்தியிருந்தார், எந்த மாத்திரையை எப்போது விட்டார், எந்த நாளில் தொடங்கினார் என்று எழுதி எடுத்துப் போனால், மருந்தை மாற்றுவதா மறுபடி சேர்ப்பதா என்று அவர் முடிவு செய்ய அது போதும்.