மன்றத்தில் ஒரே ஒரு பொருளைப் பின்தொடர்வது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

நகர மன்றக் கூட்டத்தை முதன்முதலாகப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்த அன்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. தலைவர் எண்ணை மட்டும் படித்துக்கொண்டே போனார். “பொருள் 12”, “பொருள் 13”. எங்கிருந்தோ “அனுமதிக்கலாம்” என்று ஒரு குரல் வரும், நாலு பேர் மேசையைத் தட்டுவார்கள், அடுத்த எண். அரை மணி நேரத்தில் நாற்பதுக்கு மேல் முடிந்துவிட்டது. இரண்டே இரண்டு பொருளுக்குத்தான் சண்டை, அதுவும் பொருளைப் பற்றியதல்ல. வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது ஒரு முன்னாள் உறுப்பினர் சொன்னார்: “இங்கே நடந்தது வாசிப்புதான் தம்பி. பேச்சு போன வாரமே குழுவில் முடிஞ்சுபோச்சு.”

அதன் பிறகு நான் பழகிக்கொண்ட முறைதான் இது. மொத்த மன்றத்தையும் ஒரே மூச்சில் புரிந்துகொள்ளப் பார்க்காதீர்கள். ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். அது நுழையும் ஒவ்வொரு அறையும் உங்களுக்கு ஒரு பாடம். (மன்ற வழக்கில் ‘பொருள்’ என்றால், முடிவெடுப்பதற்காக எண் போட்டு வைக்கப்படும் ஒரு விஷயம்.)

தேவையானவை: ஒரு நோட்டுப் புத்தகம், மூன்று மாதப் பொறுமை.

படி 1: சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

எல்லா நகரங்களிலும் மன்றம் ஒரே மாதிரி இயங்குவதில்லை. மேயரே நிர்வாகத் தலைவராக இருந்து அதிகாரிகளை நியமிக்கும் நகரங்கள் உண்டு. மன்றமே ஒரு நிர்வாகியைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அன்றாட வேலையை அவரிடம் விட்டுவிடும் நகரங்களும் உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டான்டன் நகரம் 1908-இல் அப்படி ஒருவரை அமர்த்தியது. பிறகு பல நகரங்கள் அந்த வழியில் போயின. இந்திய மாநகராட்சிகளில் மேயர் மன்றத்துக்குத் தலைமை வகிப்பார், நிர்வாகமோ பெரும்பாலும் மாநில அரசு அனுப்பும் ஆணையரிடம் இருக்கும். மேயரிடம் மனு கொடுத்துவிட்டு வேலை நடக்கவில்லையே என்று காத்திருப்பவர்களில் பலர் இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள்.

குழுக்களின் பலமும் இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்தில் நீண்ட காலம் குழுக்களே மன்றத்தின் முதுகெலும்பு. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான மன்றங்களில் அதை மாற்றி, அமைச்சரவை போன்ற ஒரு சிறு வட்டத்திடம் முடிவுகளைக் கொடுத்தது. மற்ற உறுப்பினர்களுக்கு மிஞ்சியது மேற்பார்வைக் குழுவில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் வேலை. 2011-இல் வந்த சட்டம், விரும்பினால் பழைய முறைக்குத் திரும்பலாம் என்று கதவைத் திறந்தது. ஷெஃபீல்டு நகர மக்கள் 2021-இலும் பிரிஸ்டல் மக்கள் 2022-இலும் பொது வாக்கெடுப்பில் குழு முறையே வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். குழுவா, அமைச்சரவையா என்பது கேட்பதற்கு அலுவலக விவகாரம் மாதிரி இருக்கும். அதற்காக ஒரு நகரமே வரிசையில் நின்று வாக்களித்திருக்கிறது.

ஆகவே முதல் வேலை, உங்கள் மன்றத்தின் நடைமுறை விதிகளை எடுத்து இரண்டே விஷயங்களைத் தேடுவது. எந்தக் குழு தானே முடிவெடுக்கலாம், எந்தக் குழு பரிந்துரை மட்டும் செய்யலாம்? எவ்வளவு தொகை வரை அதிகாரியே செலவு செய்யலாம், அதற்கு மேல் எவ்வளவு வரை குழு, எதற்கு மேல் மன்றம்? இந்தத் தொகை வரம்புகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பின்னால், வரம்புக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும் தொகைகள் வரிசையாக வந்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். ஒரே வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, மேலே போகாமல் கீழேயே முடிப்பது பழைய வித்தை.

படி 2: ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

பெரிய மேம்பாலம், குப்பைக் கிடங்கு போன்றவை வேண்டாம். அவற்றில் அரசியல் அதிகம், ஆவணம் ஆயிரம் பக்கம். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பூங்காப் பராமரிப்பு என்று நீங்கள் நேரில் நடந்துபோய்ப் பார்க்கக்கூடியதாக ஒன்று போதும். இந்தப் பதிவுக்கு வடிகாலை வைத்துக்கொள்வோம்.

படி 3: அது எந்தக் குழுவுக்குப் போகும்?

நிலைக்குழு என்பது ஆண்டு முழுவதும் இருக்கும் குழு. நிதி, பணிகள், சுகாதாரம், கல்வி, நகரமைப்பு என்று துறைவாரியாக இருக்கும். சிறப்புக் குழு ஒரு வேலைக்காகப் பிறந்து அறிக்கை கொடுத்ததும் கலைந்துவிடும். சில அறிக்கை கொடுக்காமலேயே உயிரோடு இருக்கும், அது வேறு கதை. வார்டு குழு பகுதியை வைத்து அமைவது. இந்தியாவில் 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்கிறது.

வடிகால் என்றால் பணிகள் குழுவுக்குப் போகும் என்று நினைப்போம். போகும். ஆனால் அங்கே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கோட்டை விடுவீர்கள். செலவு உள்ள எதுவும் ஏதோ ஒரு கட்டத்தில் நிதிக் குழுவின் வாசலை மிதித்தே ஆக வேண்டும். பணிகள் குழு ‘வேண்டும்’ என்று சொன்னதை நிதிக் குழு ‘இந்த ஆண்டு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால், தீர்மானம் ஏட்டில் இருக்கும், வடிகால் தெருவில் இருக்காது. அதனால்தான் கட்சிகள் நிதிக் குழுத் தலைவர் பதவிக்கு அப்படி மல்லுக்கு நிற்கின்றன.

குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் கொண்ட மன்றத்தில் உங்கள் பொருளை உண்மையில் படித்துப் பார்க்கப்போவது அந்தப் பத்துப் பதினைந்து பேர்தான்.

படி 4: அஜெண்டாவை வாசியுங்கள், ஆனால் வரிசையாக வேண்டாம்

நிகழ்ச்சி நிரல், அதாவது அஜெண்டா, கூட்டத்துக்கு முன்பே வெளியாக வேண்டும். எத்தனை நாள் முன்பு என்பது சட்டத்துக்குச் சட்டம் மாறும். கலிஃபோர்னியாவில் 1953-ஆம் ஆண்டின் திறந்த கூட்டச் சட்டப்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே ஒட்டப்பட வேண்டும். இங்கிலாந்தின் பெரிய மன்றங்களில் ஐந்து முழு நாள். ‘முழு நாள்’ என்றால் அறிவித்த நாளும் கூட்ட நாளும் கணக்கில் சேராது. இந்த ஒரு சொல்லில் சறுக்கி, கூட்டத்தையே மறுபடி கூட்ட வேண்டி வந்த மன்றங்கள் உண்டு.

ஒவ்வொரு பொருளின் கீழும் அலுவலகக் குறிப்பு ஒன்று இருக்கும். நீளமாக, மூச்சுவிடாத வாக்கியத்தில் இருக்கும். பயப்படாமல் கடைசி வரிக்குப் போங்கள். பொருளின் ஜாதகம் அங்கேதான் இருக்கிறது:

‘மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படுகிறது’ என்றால், தகவல் மட்டும். நீங்கள் என்ன சொன்னாலும் மாறப்போவதில்லை.

‘மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது’ என்றால், இன்னும் முடிவாகவில்லை. பேச இடம் இருக்கிறது.

‘மன்றத்தின் பின்னேற்புக்கு வைக்கப்படுகிறது’ என்றால், வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது, அல்லது பாதி நடந்துகொண்டிருக்கிறது. கையெழுத்துதான் பாக்கி. வெள்ளம், தொற்றுநோய் போன்ற அவசரத்தில் இது நியாயமே. காத்திருக்க முடியாது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லாத வேலை பின்னேற்பில் வந்தால், குறிப்பை முதலிலிருந்து ஒரு வரி விடாமல் படியுங்கள்.

கடைசி வரிக்கு அடுத்து நிதி ஆதாரம்: எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு, இந்த ஆண்டு அதில் மிச்சம் இருக்கிறதா? பிறகு தேதிகள். களஆய்வு செய்த தேதிக்கும் மதிப்பீடு தயாரான தேதிக்கும் நடுவில் இரண்டு ஆண்டு இடைவெளி இருந்தால், மதிப்பீட்டுத் தொகை நிற்காது என்று அப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம். மீதியைப் பிறகு வாசித்தால் போதும்.

கூட்டத்தன்று காலையில் கொடுக்கப்படும் கூடுதல் அஜெண்டா ஒன்றும் இருக்கும். உறுப்பினர்களே படித்திருக்க மாட்டார்கள். அதில் என்ன வந்தது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: குழுக் கூட்டத்துக்குப் போங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மொத்தச் செய்முறையும் இந்த ஒரு படிக்காகத்தான்.

குழு அறையில் மைக் இருக்காது, கேமரா வராது, மேசை தட்டுபவர் இல்லை. அதனாலேயே பேச்சு மாறிவிடுகிறது. மன்றத்தில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடும் இரண்டு கட்சிக்காரர்கள், இங்கே ஒரே வரைபடத்தின் மேல் குனிந்து “இந்தக் கால்வாய் அந்த முனையில் மேடாச்சே, தண்ணி எப்படிப் போகும்?” என்று பொறியாளரைச் சேர்ந்தே மடக்குவதைப் பார்த்திருக்கிறேன். பொறியாளர் பதில் சொல்லத் திணறினால் பொருள் ஒத்திவைக்கப்படும். அதுவும் ஒரு முடிவுதான். மன்றத்தில் தோற்கடிக்கப்படும் பொருள்கள் குறைவு. குழுவில் ஒத்திவைக்கப்பட்டு, பிறகு யாரும் கேட்காமல் உறங்கிப்போகும் பொருள்கள் ஏராளம்.

குழு அறை அவ்வளவு முக்கியம் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டுச் சட்டம் நிருபர்களை மன்றக் கூட்டத்துக்குள் அனுமதிக்கச் சொன்னது. மன்றங்கள் என்ன செய்தன? ‘நாங்கள் இப்போது மன்றம் அல்ல, குழு’ என்று தீர்மானம் போட்டு, அதே ஆட்கள் அதே நாற்காலிகளில் உட்கார்ந்தபடி நிருபர்களை வெளியே அனுப்பின. இந்த ஓட்டையை அடைப்பதற்காகத்தான் புதிய எம்.பி.யாக வந்த மார்கரெட் தாட்சர் 1960-இல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். நாடாளுமன்றத்தில் அவருடைய கன்னிப்பேச்சே அதைப் பற்றியதுதான். எல்லாக் குழுக்களின் கதவும் பொதுமக்களுக்குத் திறக்க 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது.

இன்றும் பல நகரங்களில் குழுக் கூட்டத்துக்குப் பார்வையாளரை விடுவதில்லை. அப்படியானால் குழுவின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். முடியாதபோது குழு உறுப்பினர் ஒருவரைச் சந்தித்து “வடிகால் பொருளில் என்ன கேட்டீங்க, அதிகாரி என்ன பதில் சொன்னார்?” என்று மட்டும் கேளுங்கள். ‘ஏன் ஆதரிச்சீங்க?’ என்று தொடங்கினால் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

நீங்கள் ஏதாவது சொல்ல விரும்பினால் இதுதான் நேரம். குழு கூடுவதற்கு முன், ஒரு பக்கத்துக்கு மிகாமல், பொருள் எண்ணைத் தலைப்பில் போட்டு, குழுத் தலைவருக்குக் கடிதம் கொடுங்கள். ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள். ஐந்து கேட்டால் ஐந்தும் போய்விடும்.

படி 6: மன்றக் கூட்டம்

முதலில் தலையை எண்ணுங்கள். குறைந்தபட்ச வருகை, கோரம் என்பார்கள், அது இல்லாமல் எடுத்த முடிவு செல்லாது. இங்கிலாந்தின் பெரிய மன்றங்களில் பொதுவாக நான்கில் ஒரு பங்கு. உங்கள் விதியில் எவ்வளவு என்று முன்பே பார்த்திருப்பீர்கள். தொடக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியத்துக்குள் காணாமல் போகிறவர்களையும் சேர்த்து எண்ணாதீர்கள்.

கேள்வி நேரத்தில் கூச்சல் இருக்கும். ரசிக்கலாம், ஆனால் எழுத ஒன்றும் இல்லை. பிறகு பொருள்கள் வரும். ஆட்சேபணை இல்லாதவை மொத்தமாக நிறைவேறும். நான் முதல் நாள் பார்த்து விழித்தது இதைத்தான். உறுப்பினர் ஒருவர் எழுந்து குறிப்பிட்ட எண்ணைத் தனியே எடுக்கச் சொன்னால் மட்டுமே விவாதம்.

விவாதத்தில் திருத்தம் வந்தால் வாக்கெடுப்பின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் திருத்தத்துக்கு வாக்கு, பிறகுதான் மூலத் தீர்மானத்துக்கு. திருத்தத்துக்கு எதிராக வாக்களித்தவர் மூலத் தீர்மானத்தை ஆதரிக்கலாம். அதில் முரண் இல்லை. குழப்பத்தில் தவறான பக்கம் கை தூக்கிவிட்டு, பக்கத்து இருக்கைக்காரர் இடித்ததும் இறக்குகிறவர்களையும் பார்ப்பீர்கள். எதிர்த்தவரின் பெயர் பதிவாக வேண்டுமானால் அவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வெளிநடப்பு செய்தவர் வாக்களிக்கவில்லை, அவ்வளவுதான். அது எதிர்வாக்கு அல்ல.

படி 7: குறிப்பேடும் அதற்குப் பிறகும்

நடவடிக்கைக் குறிப்பில் பேச்சைத் தேடாதீர்கள், முடிவுதான் இருக்கும். அடுத்த கூட்டத்தில் அது உறுதிசெய்யப்படும்போது, நீங்கள் காதால் கேட்ட தீர்மானமும் எழுத்தில் உள்ளதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ‘பரிசீலிக்கலாம்’ என்பது ‘செய்யலாம்’ ஆகியிருக்கிறதா, காலக்கெடு சொன்னது எழுத்தில் வந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தீர்மான எண்ணும் தேதியும் கிடைத்ததும் நோட்டில் ஏற்றுங்கள். இனி மன்றத்துக்கு இதில் வேலை இல்லை. டெண்டர், பணி ஆணை, அளவீடு எல்லாம் அலுவலகத்தில் நடப்பவை. மாதம் ஒருமுறை அந்த எண்ணைச் சொல்லி “என்ன நிலையில் இருக்கிறது?” என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் “நடந்துக்கிட்டிருக்கு” என்பதே பதில்.

நோட்டில் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இரண்டு பக்கம் காலியாக விடுங்கள். வடிகால் பெரும்பாலும் திரும்பி வரும், கூடுதல் செலவுக்கான பொருளாக, வேறு எண்ணில், நிதிக் குழுவின் அஜெண்டாவில். பழைய தீர்மான எண் அலுவலகக் குறிப்பின் நடுவில் எங்கேயோ ஒரு வரியில் இருக்கும். அதைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் எழுதிவிட்டு, மறுபடி படி 4-இலிருந்து தொடங்குங்கள்.