ஏற்றத்தில் திணறும் பழைய டீசல் லாரி: குறையை எங்கே தேடுவது?

செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் லோடோடு ஏறும்போதுதான் பழைய லாரியின் டீசல் லைன் கோளாறு வெளியே தெரியும். சமதரையில் நன்றாக ஓடிய வண்டி கோட்டைவாசல் ஏற்றத்தில் புல்லிங் (இழுவை) இல்லாமல் திணறும், சில நேரம் நின்றே போகும். உடனே பக்கத்தில் இருப்பவர்கள் "பம்ப் போயிருச்சு அண்ணாச்சி" என்பார்கள். அவர்கள் சொல்வது டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் பெரிய பம்பை. நம்பி அதைக் கழற்றிவிடாதீர்கள். செலவு அதிகமான வேலை அது, கடைசியாகத்தான் அங்கே போக வேண்டும். டீசல் வருகிற வழியிலேயே நாமும் வருவோம்: டேங்க், பீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் சிறு பம்ப்), பில்டர், பெரிய பம்ப், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை).

இந்த முறை இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசலை அழுத்தும் பம்ப்) உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டும். எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் இன்ஜினில் அழுத்தம் 1000 பாருக்கும் மேலே போகும். அதன் பைப்புகளில் கை வைக்கவே கூடாது. பழைய வண்டியிலும் பீய்ச்சி அடிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. அப்படிப் பட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 1: புகையைப் பாருங்கள்

கரும்புகை தள்ளினால் டீசல் வருகிறது என்று பொருள். முதலில் ஏர் பில்டரையும், அப்புறம் நாசிலையும் சந்தேகப்படலாம். புகையே இல்லாமல் புல்லிங் மட்டும் குறைந்தால் டீசல் போதுமான அளவு வந்து சேரவில்லை. கீழே உள்ள படிகள் முக்கியமாக இதற்குத்தான்.

படி 2: டேங்க்

வண்டி திணறும் நேரத்தில் ஓரங்கட்டி, டேங்க் மூடியை மெல்லத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், அதன் பிறகு வண்டி ஒழுங்காக இழுத்தால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. எம்-சாண்ட், ஜல்லி ஏற்றும் வண்டிகளில் தூசியால் இப்படி ஆகலாம்.

நின்ற வண்டி பத்து நிமிடம் கழித்துத் தானாகவே சரியாகி, கொஞ்ச தூரத்தில் மறுபடி திணறுகிறதா? டேங்கின் அடியில் உள்ள கசடு உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டுகிறது. இன்ஜினை அணைத்ததும் விழுந்துவிடுகிறது. டேங்கை இறக்கிக் கழுவுவதுதான் வழி.

படி 3: தண்ணீர்

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இதைத் தவறவிடாதீர்கள். பில்டரின் அடித் திருகைத் திறந்து, கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் படியும். தெளியும்வரை வடித்துவிட்டு, பில்டரை மாற்றுங்கள்.

படி 4: ஏர் எடுக்கிறதா?

புதிதாக வேலை பழகுபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். டேங்கிலிருந்து பீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பகுதியில் விரிசல் இருந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போலத்தான். "எங்கேயும் லீக் இல்லையே" என்று விட்டுவிடக் கூடாது.

பீட் பம்பின் உள்வாயில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு துண்டை இணைத்து, இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் குறை அதற்கு முன்னால். அடுத்து, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் உள்ள கேனிலிருந்து டியூப் மூலம் நேராக எடுக்கவிடுங்கள். குமிழி நின்றால் பழைய லைனில்தான் ஓட்டை: ரப்பர் ஹோஸ், பாஞ்சோ போல்ட்டின் (டீசல் போகத் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர், டேங்க் உள்ளே இருக்கும் குழாய். அரை டேங்குக்குக் கீழே போனால் மட்டும் தொல்லை என்றால், அந்த உள் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். செம்பு வாஷரைக் கழற்றினால் புதிதாகவே போடுங்கள்.

பீட் பம்பின் உள்வாயில் இருக்கும் சிறு சல்லடையையும் கழுவிவிடுங்கள். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

படி 5: ஏர் எடுத்துவிடுதல்

பில்டர் மேல் உள்ள ஏர் திருகைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை (கையால் டீசல் ஏற்றும் சிறு பம்ப்) அடியுங்கள். நுரை போய்த் தெளிந்த டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே இறுக்குங்கள். இரண்டாவது பில்டர், பிறகு பம்ப் என்று இதே வரிசை. அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லையா? இன்ஜினை அணைக்க இழுக்கும் ஸ்டாப்பர் கேபிள் பாதியில் சிக்கி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

படி 6: நாசில்

மிஸ்ஸிங் இருந்தால், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யாமல் இன்ஜின் விட்டுவிட்டு ஓடினால், ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, ஒரு நாசில் பைப் நட்டைத் துணி சுற்றி, ஸ்பானரால் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். முகத்தைத் தள்ளி வையுங்கள். சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. மறுபடி இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மாறாவிட்டால் அந்த நாசிலை டெஸ்டரில் கொடுங்கள். நாசிலும் சரி என்றால் வால்வு, கம்ப்ரஷன் பக்கம் பார்க்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றால் பம்பைக் கழற்றலாம். கழற்றும் முன், பம்ப் இன்ஜினோடு எந்த நிலையில் பொருந்தியிருக்கிறது என்று காட்டும் டைமிங் குறியை அடையாளம் செய்துகொள்ளுங்கள். என்னென்ன பார்த்து முடித்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, பம்போடு சேர்த்துக் கடையில் கொடுங்கள்.