பல்லியா, பள்ளியா? வாசிப்புக்கு முன் காதைப் பாருங்கள்
எழுத்து தெரிந்தும் வாசிப்பில் தடுமாறும் குழந்தைக்கு ஒலி வேறுபாடு பிடிபடுகிறதா என்று சோதியுங்கள். அடிக்கடி சளி, காதுவலி வருமென்றால் முதலில் செவித்திறன் பரிசோதனை.

வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு 10 இணைகள் சொல்லுங்கள்: பல்லி–பள்ளி, மனம்–மணம், கல்–கால், புளி–புள்ளி. பாதி இணைகளில் ஒரே சொல்லே இருமுறை வரட்டும்; இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் 'வேற' என்றே சொல்லிவிடும். "ஒண்ணா, வேறயா?" என்று மட்டும் கேளுங்கள். ஊகத்திலேயே 5 சரியாக வரலாம். 8க்குக் குறைந்தால் மறுநாளும் பாருங்கள். ர–ற வேண்டாம். பல ஊர்ப் பேச்சில் இரண்டும் ஒரே ஒலிதான், அது குறையே அல்ல.

தவறிய இணைகளைத் தினமும் 5 நிமிடம் சொல்லி, உரிய எழுத்தட்டையைத் தொடச் சொல்லுங்கள். எழுத்தைக் காட்டாமல் காதை மட்டும் பழக்கினால் வாசிப்புக்கு அவ்வளவாக உதவாது.