பிரேம் ரேட் ஏறினால் பீப்பாய் பறக்கும்

நொடிக்கு 144 முறை திரையைப் புதுப்பிக்கும் புது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் மாட்டிய அன்றே ஒரு பழைய கேமைத் திறந்தேன். அறைக்குள் கால் வைத்ததும் மேசை மேலிருந்த பீப்பாய்கள் கூரைக்குப் பறந்தன. பூட்டு திறக்கத் தரும் நேரமும் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது. கிராபிக்ஸ் டிரைவரைப் பழித்து, கேமை இரண்டு முறை அழித்து நிறுவியதெல்லாம் வீண் வேலை.

திரை மூலையில் பிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை பிரேம்களை (படங்களை) கேம் வரைகிறது என்பதை, காட்ட வைத்தபோதுதான் பிடிபட்டது: 144. அந்த கேம் ஒவ்வொரு பிரேமையும் நொடியில் 60-இல் ஒரு பங்கு என்றே எடுத்துக்கொள்கிறது, அதாவது சுமார் 16.7 மில்லிநொடி. உண்மையில் கடந்திருப்பதோ 6.9 தான். அதனால் பொருள்களின் அசைவும் கடிகாரமும் 2.4 மடங்கு வேகத்தில் ஓடின. கடந்த நேரத்தை அளந்து கணக்கிட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பிரேம் ரேட்டை மானிட்டரின் வேகத்தோடு பொருத்தும் வி-சிங்க் அமைப்பைப் போட்டேன், அது மானிட்டரின் 144-லேயே நின்றது. அப்புறம் டிரைவர் அமைப்பில் அந்த ஒரு கேமுக்கு மட்டும் உச்ச பிரேம் ரேட்டை 60 ஆக்கினேன். பீப்பாய்கள் அடங்கின. ஏற்கெனவே பறந்த நிலையில் சேமித்திருந்ததை விட்டுவிட்டு, பழைய சேமிப்பிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.