வேலையோடு பொதுக் கொள்கை முதுகலை: முதலில் மணிக்கணக்கைப் போடுங்கள்

ஆட்சியியல், பொதுக் கொள்கை மாதிரியான துறையில் பகுதிநேரமாக முதுகலை படிக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது கட்டணம், அடுத்து பல்கலைக்கழகத்தின் பெயர். பார்க்காமல் விடுவது மணிக்கணக்கு. பாதியில் நின்றுபோகும் படிப்புகளைக் கவனித்தால், பாடம் புரியாமல் நின்றதைவிட வாரத்தில் நேரம் பற்றாமல் நின்றதே அதிகம் இருக்கும்.

கணக்கு எளிது. பிரிட்டனில் முதுகலைப் பட்டம் 180 கிரெடிட் (படிப்புச் சுமையை அளக்கும் அலகு); ஒரு கிரெடிட்டுக்கு ஏறத்தாழ 10 மணி நேர உழைப்பு. ஆக 1,800 மணி. வகுப்பு, வாசிப்பு, கட்டுரை, ஆய்வேடு எல்லாம் இதற்குள் வந்துவிடும். ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான இ.சி.டி.எஸ். கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி, ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட். அமெரிக்க முறையில் 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வாரம் 3 மணி வகுப்பு, வெளியே 6 மணி வேலை, 15 வாரம். அதாவது 135 மணி. 36 கிரெடிட் பட்டத்துக்கு 12 பாடம், 1,620 மணி.

இப்போது உங்கள் காலண்டரை எடுங்கள். ஆண்டுக்கு 45 வாரம் படிக்க முடியும் என்று வைத்துக்கொண்டால், 1,800 மணியை 2 ஆண்டில் முடிக்க வாரம் 20 மணி வேண்டும். 3 ஆண்டில் முடிப்பதென்றால் 13 மணிக்குச் சற்று மேல். இந்த 13 மணியை வேலை நாளில் நான்கு மாலை, தலா 2 மணி, சனிக்கிழமை 5 மணி என்று பிரித்துப் போட்டுவிடலாம். 20 மணி என்றால் ஞாயிறும் போய்விடும். வேலை, வீடு இரண்டும் உள்ளவர் 2 ஆண்டுத் திட்டத்தில் சேருவதற்கு முன், நான்கு வாரம் அந்த 20 மணியை ஒதுக்கிச் சும்மா வாசித்துப் பார்ப்பது நல்லது. நான்கு வாரம் தாக்குப்பிடிக்கவில்லை என்றால் நூறு வாரம் தாக்குப்பிடிக்காது.

சராசரிக் கணக்கில் ஒரு பொறியும் உண்டு. பருவத்தின் கடைசி மூன்று வாரத்தில் வேலை இரட்டிப்பாகும். உங்கள் அலுவலகத்தில் பட்ஜெட், தணிக்கை, ஆண்டறிக்கை என்று நெருக்கும் மாதங்கள் அதன்மேல் வந்து விழுகின்றனவா என்று இரண்டு காலண்டரையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். விழுந்தால் அந்தப் பருவத்தில் ஒரே பாடம் போதும்.

எந்தப் பட்டம்

எம்.பி.பி. என்பது பொதுக் கொள்கை முதுகலை: பொருளியல், புள்ளியியல், கொள்கைப் பகுப்பாய்வு ஆகியவற்றின் எடை அதிகம். பொது நிர்வாக முதுகலையில் நிதி, பணியாளர், திட்ட நிர்வாகம் முன்னால் வரும். ஆட்சியியலில் எம்.ஏ. என்றால் கோட்பாடும் நிறுவனங்களும் அதிகம், ஆய்வேடு பெரிதாக இருக்கும். (பொது நிர்வாகம், வணிக நிர்வாகம் இரண்டின் சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் எம்.பி.ஏ. என்றே வரும். விசாரிக்கும்போது பட்டத்தின் பெயரை முழுதாகச் சொல்லிக் கேளுங்கள்.) பெயர்ப் பலகையை நம்புவதைவிட பாடப்பட்டியலைத் திறந்து, கட்டாயப் பாடங்களில் எத்தனை எண் சார்ந்தவை என்று எண்ணுவதுதான் சரியான வழி. ஒரு நிறுவனத்தின் பொது நிர்வாகப் பட்டம் இன்னொன்றின் கொள்கைப் பட்டத்தைவிடக் கணக்கு மிகுந்ததாக இருப்பதும் உண்டு.

எக்ஸிகியூட்டிவ் என்ற அடைமொழி இருந்தால் அது பல ஆண்டு நிர்வாக அனுபவம் உள்ளவர்களுக்கானது. வகுப்பைப் பெரும்பாலும் வார இறுதிகளில் மொத்தமாக நடத்துவார்கள், ஓர் அணியாகச் சேர்ந்து ஓர் அணியாக முடிக்க வேண்டும். ஒரு தொகுதியைத் தவறவிட்டால் அடுத்த அணி அந்த இடத்துக்கு வரும்வரை காத்திருக்க நேரிடும். அடிக்கடி வெளியூர் அனுப்பப்படும் வேலையில் இருப்பவருக்கு இது ஒத்துவராது.

அங்கீகாரத்தில் இரண்டு அடுக்கு இருப்பதை மறக்க வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு அந்தந்த நாட்டின் அங்கீகாரம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. இந்தத் துறைப் பட்டங்களுக்கு மட்டும் தனியாகத் தரச்சான்று தரும் அமைப்பு நாஸ்பா. அமெரிக்காவில் இருந்து இயங்கினாலும் வேறு நாடுகளின் சில பட்டங்களுக்கும் தருகிறது. அந்தச் சான்று இல்லாததால் பட்டம் மட்டம் என்று ஆகிவிடாது. இருந்தால் பாடத்திட்டத்தை வெளியாள் ஒருவர் சோதித்திருக்கிறார் என்ற தெம்பு.

சேருவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை:

- பட்டத்தை முடிக்க அதிகபட்சக் கெடு எத்தனை ஆண்டு, இடைவிடுப்பு எடுத்தால் அந்தக் கெடு நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா
- கட்டாயப் பாடங்களில் எவை மாலையிலோ இணையத்திலோ நடக்கின்றன, எவை ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடக்கின்றன
- பாடத்தைக் கைவிட்டால் எந்தத் தேதிவரை எவ்வளவு பணம் திரும்பும்

இரண்டாவது கேள்விதான் முக்கியம். "பகுதிநேர மாணவர்களையும் வரவேற்கிறோம்" என்று எழுதியிருப்பார்கள். கட்டாயப் பொருளியல் பாடம் செவ்வாய் பகல் 11 மணிக்கு மட்டும் நடக்கும்.

கடனையோ விசாவையோ நம்பிச் சேருபவர்கள் பகுதிநேரம் என்ற சொல்லிலேயே கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிக் கல்விக் கடனுக்குக் குறைந்தது பாதிநேரச் சேர்க்கை வேண்டும். ஒரு பருவத்தில் ஒரே பாடம் எடுத்தால் அந்த வரம்புக்குக் கீழே போய்விடலாம். அங்கே எஃப்-1 மாணவர் விசா பொதுவாக முழுநேரப் படிப்பையே எதிர்பார்க்கிறது.

விண்ணப்பம்

நோக்க அறிக்கையில் "மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்ற வரிக்கு மதிப்பெண் கிடையாது. எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். உங்கள் வேலையில் விடை தெரியாமல் நிற்கும் ஒரு கேள்வியை எழுதுங்கள். முதியோர் ஓய்வூதிய விண்ணப்பங்கள் ஒரே பிரிவில் மட்டும் ஏன் இரண்டு மடங்கு நாள் தேங்குகின்றன, அதைக் கண்டுபிடிக்க என்ன தெரிந்திருக்க வேண்டும், அது அந்தப் பட்டத்தின் எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று மூன்று பத்தியில் சொன்னால் போதும்.

பரிந்துரைக் கடிதத்தை உங்கள் எழுத்தைத் திருத்திய மேலதிகாரியிடம் கேளுங்கள். பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் நான்கு வரியைவிட அதற்கு எடை அதிகம். கெடுவுக்கு ஆறு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள், பழைய மதிப்பெண் பட்டியலுக்கும் அப்போதே எழுதிப் போடுங்கள். இளங்கலையில் கணக்கு மதிப்பெண் சுமாராக இருந்தால் விளக்கம் எழுதி நேரத்தைக் கழிக்க வேண்டாம். அடிப்படைப் புள்ளியியல் குறும்படிப்பு ஒன்றை முடித்து அதன் மதிப்பெண்ணை இணையுங்கள்.

பாடங்களின் வரிசை

பகுதிநேரப் படிப்பு சறுக்குவதும் நிமிர்வதும் இங்கேதான். முழுநேர மாணவருக்கு வரிசையைத் துறையே போட்டுக் கொடுக்கும். பகுதிநேரக்காரர் தானே போட வேண்டும், போடும்போது பிடித்த பாடத்தை முதலில் எடுத்துப் புள்ளியியலைத் தள்ளிப்போடுவார். மூன்றாம் ஆண்டில் மதிப்பீடு, பட்ஜெட் பகுப்பாய்வு, இறுதித் திட்டம் எல்லாமே "முன்தேவை: புள்ளியியல் 2" என்று கதவை அடைத்து நிற்கும். ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் பாடத்தைத் தவறவிட்டால் ஒரு பாடத்துக்காக 12 மாதம் போகும்.

இதற்குக் கடைசியிலிருந்து முதலுக்கு வரும் வரைபடம் வேண்டும். ஒரு தாளில் இறுதித் திட்டத்தை வலது ஓரத்தில் எழுதி, அதற்கு எது முன்தேவை, அதற்கு எது என்று இடப்பக்கம் நகருங்கள். மிக நீளமாக வரும் சங்கிலி, பெரும்பாலும் புள்ளியியல் 1, புள்ளியியல் 2, திட்ட மதிப்பீடு, இறுதித் திட்டம் என்று இருக்கும். அதன் முதல் கண்ணியை முதல் பருவத்திலேயே எடுங்கள். புள்ளியியல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடக் கூடாது. ஒரு வருடம் கழித்து வந்தால் பாதி மறந்திருக்கும். ஒரே பருவத்தில் புள்ளியியலும் நுண்பொருளியலும் சேர்த்து எடுப்பதும் வேண்டாம். இரண்டிலும் வாராவாரம் கணக்குத் தாள் வரும். புள்ளியியலோடு வாசிப்புப் பாடம் ஒன்று சேர்ந்தால் சமாளிக்கலாம்.

வகுப்பு தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே இயற்கணிதம், மடக்கை, கோட்டின் சாய்வு ஆகியவற்றைத் தட்டி எழுப்புங்கள். சதவீதத்துக்கும் சதவீதப் புள்ளிக்கும் வேறுபாடு கையில் நிற்க வேண்டும். வேலையின்மை 4 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் ஆனால் ஏற்றம் 1 சதவீதப் புள்ளி; பழைய 4-ஐ வைத்துக் கணக்கிட்டால் அதே ஏற்றம் 25 சதவீதம். முதல் தேர்வில் இங்கே தவறுபவர்கள் நிறைய. புள்ளியியல் மென்பொருள்களில் ஆர் (R) இலவசம், ஸ்டேட்டாவுக்குக் காசு. பாடத்தில் எது என்று கேட்டுவிட்டு நிறுவுங்கள்.

இந்தப் பாடங்கள் எதைக் கற்றுத் தருகின்றன என்பதற்கு, வகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஓர் ஆய்வைக் கிட்டத்தில் பார்க்கலாம். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா மாற்றவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு மாநிலங்களிலும் 410 துரித உணவுக் கடைகளை முன்னும் பின்னும் கணக்கெடுத்து 1994-இல் வெளியிட்டார்கள். கடைக்குச் சராசரி வேலையாட்கள், முழுநேரக் கணக்கில் (பகுதிநேர ஆளை அரை ஆளாக எண்ணி), நியூ ஜெர்சியில் 20.44-லிருந்து 21.03 ஆனார்கள், ஏற்றம் 0.59. பென்சில்வேனியாவில் 23.33-லிருந்து 21.17, இறக்கம் 2.16. முதல் மாற்றத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தால் (இறக்கத்தைக் கழிப்பது கூட்டலாகும்) சுமார் 2.75. கூலி கூடியதால் வேலை குறையவில்லை என்று அவர்கள் சொன்னது இந்தக் கழித்தலை வைத்துத்தான்.

"ஆகவே குறைந்தபட்சக் கூலியை ஏற்றினால் வேலை பெருகும்" என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும். கூலி மாறாமல் இருந்திருந்தால் இரு மாநிலங்களும் ஒரே போக்கில் சென்றிருக்கும் என்ற அனுமானத்தின் மேல்தான் அந்த 2.75 நிற்கிறது. அதை அசைத்துப் பார்ப்பதுதான் கேள்வி. பின்னாளில் சம்பளப் பதிவுகளை வைத்து வேறு ஆய்வாளர்கள் இந்த முடிவை மறுத்து எழுதினார்கள், விவாதம் நீண்டது. 2021-இல் பொருளியல் நோபல் பரிசின் பாதி கார்டுக்குப் போனது. எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, அது எந்த அனுமானத்தின் தோளில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் மற்ற பாடங்களும் இளகும்.

கொள்கைக் குறிப்பு எழுதுவது

அலுவலகத்தில் நன்றாக எழுதுபவர்களும் இங்கே முதல் முறை குறைந்த மதிப்பெண் வாங்குவார்கள். பழக்கம் பின்னணியில் தொடங்குவது. "பொதுப் போக்குவரத்து நகர வாழ்வின் முக்கிய அங்கமாகும். சமீப காலமாக நெரிசல் அதிகரித்து வருகிறது" என்று ஒரு பத்தி போகும், பரிந்துரை இரண்டாம் பக்க அடியில் வரும். இதே குறிப்பு இப்படித் தொடங்க வேண்டும்: "பயண அட்டைச் சலுகையை இந்த ஆண்டு விரிவாக்க வேண்டாம். அதே தொகையில் காலை 7 முதல் 9 மணிவரை கூடுதல் பேருந்து விடலாம். சலுகை ஏற்கெனவே பயணிப்பவருக்குத்தான் போகிறது. பேருந்து ஏற முடியாமல் நிற்பவருக்குப் போகவில்லை."

இரண்டு பக்கம், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒரே ஒருவருக்கு. மாற்று வழிகள் மூன்று, அவற்றில் ஒன்று "இப்போது உள்ளபடியே விடுவது". மூன்றையும் ஒரே அளவுகோல்களால் அளக்க வேண்டும்: செலவு, யாருக்குப் பலன், நடைமுறைப்படுத்த முடியுமா. பிடித்த வழிக்கு ஒரு அளவுகோல், பிடிக்காததற்கு வேறொன்று என்று மாற்றுவதுதான் திருத்துபவர் கண்ணில் முதலில் படும்.

அலுவலகமும் படிப்பும்

வேலையில் வரும் பிரச்சினையை வீட்டுப்பாடமாக்கினால் நேரம் மிச்சம். ஆனால் அலுவலகக் கோப்பில் உள்ள தகவலை அனுமதி இல்லாமல் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பதும் தவறு. சிறிய பிரிவில் வயதும் பதவியும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். வெளியிடப்பட்ட தரவு இருந்தால் அதையே எடுங்கள். அரசுப் பணியில் இருப்பவர்கள் சேருவதற்கு முன்பே எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுவது பாதுகாப்பு.

நிறுவனம் கட்டணம் தருகிறது என்றால் இரண்டு ஷரத்து பாருங்கள். பல இடங்களில் பாடம் முடிந்து குறிப்பிட்ட மதிப்பெண் வந்த பிறகே பணம் தருவார்கள். ஒரு பருவக் கட்டணம் உங்கள் கையில் இருக்க வேண்டும். படிப்பு முடிந்து இத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதும் சகஜம்.

குழு வேலைகளில் பகலில் கூடும் முழுநேரத் தோழர்களோடு நேரம் ஒத்துப்போகாது. முதல் கூட்டத்திலேயே எழுதும் பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை இரவு 10 மணிக்கும் செய்யலாம். நேர்காணல் எடுக்கும் பகுதியைச் செய்ய முடியாது.

இறுதித் திட்டம்

கேப்ஸ்டோன் (கற்றதை ஒரு நடைமுறைப் பிரச்சினையில் பொருத்திச் செய்யும் திட்டம்) என்றாலும் ஆய்வேடு என்றாலும், மனிதர்களிடம் நேர்காணல் அல்லது கருத்துக்கணிப்பு எடுத்து ஆய்வாக்குவதென்றால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழுவிடம் முன் அனுமதி வேண்டும். விண்ணப்பம் திருத்தத்துக்குத் திரும்பி வந்தால் வாரங்கள் ஓடும். அனுமதிக்கு முன் எடுத்த நேர்காணலைப் பயன்படுத்த முடியாமல் போகலாம். திட்டம் தொடங்கும் பருவத்துக்கு முந்தைய பருவத்திலேயே விண்ணப்பத்தை எழுதிவிடுங்கள், அல்லது பொதுத் தரவை வைத்துச் செய்யும் கேள்விக்கு மாறுங்கள். தரவு கையில் வந்து, திறந்து பார்த்து, வேண்டிய ஆண்டுகளும் பிரிவுகளும் இருக்கின்றனவா என்று சோதித்த பிறகே தலைப்பைப் பதிவு செய்யுங்கள்.

வழிகாட்டியை அவருடைய ஆய்வுப் பெருமையை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மாலை 6 மணிக்கு மேல் பேசுவாரா, வரைவை எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்று அவரிடம் முன்பு படித்தவர்களிடம் விசாரியுங்கள்.

கடைசிப் பருவம் தொடங்கும்போதே பதிவாளர் அலுவலகத்தில் பட்டமளிப்பு விண்ணப்பப் படிவத்தையும் கொடுத்துவிடுங்கள். எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டால் பட்டம் தானாக வந்துவிடும் என்று நினைத்து, அந்தப் படிவத்தின் கெடுவைத் தவறவிட்டு அடுத்த பட்டமளிப்புவரை காத்திருப்பவர்கள் உண்டு.